நாய் இறந்த வீட்டுக்குத் தெரு நாய் வரலாமா?

தெரு நாயை வீட்டில் வளர்க்க ஆசையா? நகரசபையில் மனுக் கொடுங்கள். நாய்க்கு அடையாளச் சின்னம் மாட்டி உங்களிடம் ஒப்படைப்பார்கள். இப்படி உத்தரவு போட்டிருப்பது சாதாரண அதிகாரி அல்ல. சுப்ரீம் கோர்ட்டு! 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி இந்த உத்தரவு பிறந்தது.

கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. அப்படி எடுத்துக்கொண்ட நாய் மறுபடியும் தெருவுக்கு வரக்கூடாது. வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு.

பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். நாயைச் சுவீகாரம் எடுப்பது கோர்ட்டு உத்தரவில் இடம் பெற்றிருப்பது புதுமைதான். சரி, யார் எடுப்பார்கள்?

இதுவரை நாயே வளர்க்காதவர் சுலபத்தில் முன்வர மாட்டார். நாய் வளர்த்து, அதைப் பறிகொடுத்த குடும்பத்துக்குத்தான் முதலில் அந்த எண்ணம் வரும். அந்த வீட்டில் சங்கிலி இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டு இருக்கும். சோறு வைத்த தட்டு கொல்லைப்புறத்தில் கிடக்கும். நாயை எத்தனை மணிக்கு வெளியே அழைத்துப் போகவேண்டும், எப்போது ஊசி போடவேண்டும் என்பதெல்லாம் அந்த வீட்டில் உள்ளவர்களுக்கு மனப்பாடம். ஆகவே, தகுதி அவர்களுக்குத்தான் அதிகம். சங்கடமும் அவர்களுக்குத்தான் அதிகம்.

கோர்ட்டு ஏன் தலையிட்டது?

டெல்லியில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி நாய் கடித்து, வெறிநோய் கண்டு இறந்துபோனாள். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. யாரும் வழக்குப் போடவில்லை. செய்தியைப் பார்த்த நீதிபதிகள் 2025 ஜூலை 28-ந் தேதி தாங்களாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டு 11-ந் தேதி 2 நீதிபதிகள் கடுமையான உத்தரவு போட்டார்கள். டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இருக்கிற தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவேண்டும். ஒன்றைக்கூடத் திரும்ப விடக்கூடாது என்றார்கள். நாய்க்கடி பட்டவர்கள் வரவேற்றார்கள். நாய்ப் பிரியர்கள் கொதித்தார்கள். பதினோரே நாளில், 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடை ஆபரேஷன் செய்து, ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்ட நாயையும், மூர்க்கமான நாயையும் விடக்கூடாது. சுவீகாரம் பற்றிய வரிகள் இந்த இரண்டாவது உத்தரவில் வந்தவைதான்.

அதோடு விஷயம் முடியவில்லை. நவம்பர் 7-ந் தேதி இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம், விளையாட்டு மைதானம் ஆகிய இடங்களில் உள்ள நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவற்றை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது.

இங்கேதான் யோசிக்கவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் உறவினர்கள் போட்ட ரொட்டித் துண்டைத் தின்று வளர்ந்த நாய் ஒன்று இருக்கிறது. யாரையும் கடித்தது இல்லை. அதையும் பிடித்துப் போவார்கள். அப்புறம் அதன் கதி? சாகும்வரை கூண்டு. யாராவது வந்து, “இதை நான் வளர்க்கிறேன்” என்று சொன்னால்தான் அதற்கு விடுதலை.

கணக்குப் பார்த்தால்…

அப்படியானால் ஆளுக்கொரு நாயை எடுத்துக்கொண்டால் தெரு நாய்த் தொல்லை தீர்ந்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். தீராது! 2019-ம் ஆண்டு எடுத்த கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் தெரு நாய்கள் 1 கோடியே 53 லட்சம். சென்னை நகரத்தில் மட்டும் 2024-ல் எண்ணியபோது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் இருந்தன. அதே 2024-ல் நாடு முழுவதும் 37 லட்சம் பேர் நாய்க்கடி பட்டதாகக் கணக்கு இருக்கிறது. பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். ஈட்டுக்கு நாலைந்து குட்டிகள். எத்தனை வீட்டில் எத்தனை நாயை வளர்க்க முடியும்?

தெருவில் நாய் பெருகாமல் இருக்க வழி இரண்டே. ஒன்று, கருத்தடை ஆபரேஷன். நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது செய்யவேண்டும்; விட்டுவிட்டுச் செய்தால் பயன் இல்லை. மற்றொன்று, குப்பையை அள்ளுவது. குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிற தெருவில் பத்து நாயைப் பிடித்துப் போனால் அடுத்த தெருவில் இருந்து பத்து நாய் வரும். சுவீகாரம் இந்த இரண்டுக்கும் ஈடாகாது. ஊருக்குச் செய்யும் சேவை என்று நினைத்து யாரும் நாயை எடுக்கவேண்டியது இல்லை. அந்த ஒரு நாய்க்கு அது வாழ்வு. அவ்வளவுதான், அதுவே பெரிய காரியம்தான்.

சென்னைக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் கார்ப்பரேஷன் வண்டி வந்து நாய்களைப் பிடித்துப் போகும். போன நாய் திரும்பாது. கொன்றுவிடுவார்கள். வருஷக் கணக்கில் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1959-ம் ஆண்டு, மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் என்பவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் விமானி. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். இந்தியாவில் விமானம் ஓட்டிய முதல் பெண்களில் ஒருவர். வானத்தில் பறந்த தம்பதிகள் தெரு நாய்க்காக இறங்கி வந்தார்கள்! அந்தக் குட்டிகளில் இருந்து பிறந்ததுதான் ‘புளூ கிராஸ்’ சங்கம். கொல்வதைவிடக் கருத்தடை செய்வது மேல் என்று அந்தச் சங்கம் 1964-ல் இருந்து சொல்லி வந்தது. கார்ப்பரேஷன் காது கொடுத்துக் கேட்க 32 வருஷம் ஆயிற்று. 1996-ல் சென்னையில் கருத்தடைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் அதுவே நாடு முழுவதுக்கும் விதி ஆயிற்று. 2023-ல் அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள்.

“நாய்க்குப் போய் அழுவதா?”

இனி, நாய் இறந்த வீட்டுக்கு வருவோம்.

மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஊரே வரும். நாய் இறந்தால் யாரும் வருவது இல்லை. அழுதால், “நாய்க்குப் போய் இப்படியா அழுவது?” என்று வீட்டுப் பெரியவர்களே கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர் லீவு போட முடியாது. என்ன காரணம் என்று எழுதுவார்? ஆகவே, துக்கம் உள்ளேயே கிடக்கிறது. பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் வாசலில் வந்து வரவேற்ற பிராணி அது. மாலையில் கதவைத் திறந்தால் சத்தம் இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுவாரமே வேறு நாயைத் தேடுகிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் மோசம். “நாய் ஓடிப்போச்சு”, “ஊருக்கு அனுப்பிட்டோம்” என்று பொய் சொல்வார்கள். குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கும். பத்து நாளில் வேறொரு நாயைக் கொண்டு வந்து நிறுத்தினால், “அது வந்தா இது எங்கே போகும்?” என்று கேட்கும். பதில் சொல்ல முடியாது. செத்துப்போயிற்று என்று உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. புதைத்த இடத்தைக் காட்டினாலும் தப்பு இல்லை. குழந்தை அழட்டுமே!

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனிக்கவேண்டும். இத்தாலியில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. இரண்டு நாய் வளர்த்து, அதில் ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரை விசாரித்தார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. உயிரோடு இருந்த நாயின் போக்கு மாறிவிட்டதாக நூற்றுக்கு 86 பேர் சொன்னார்கள். விளையாட்டுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, எஜமானை விட்டு அகலாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த நாய் சரியாகச் சாப்பிடத் தொடங்கும் முன்பு புது நாயைக் கொண்டு வந்தால் சண்டைதான்.

எத்தனை நாள் பொறுப்பது? பஞ்சாங்கத்தில் நாள் பார்த்துச் சொல்லும் விஷயம் அல்ல இது. ஆனால் ஒரு சோதனை உண்டு. “நம்ம பழைய நாய் மாதிரியே வேணும்” என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா? அப்படியானால் இன்னும் நாள் ஆகவில்லை.

ரத்தன் டாட்டாவின் ‘டிட்டோ’

பெரிய தொழில் அதிபர் ரத்தன் டாட்டா 2024 அக்டோபர் 9-ந் தேதி காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய உயிலைப் பார்த்தபோது, தம்பி தங்கைகளுக்கு எழுதிவைத்தது போலவே ஒரு நாயின் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அந்த நாயின் பெயர் டிட்டோ. அதற்கு முன்பும் அவரிடம் ஒரு டிட்டோ இருந்தது. அது இறந்த பிறகு வந்த நாய்க்கும் அதே பெயரையே வைத்தார்!

பெயரை மறுபடி வைத்தது சரியா? ஆயுள் முழுவதும் நாய்களோடு வாழ்ந்தவர் அவர். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். சாதாரண வீட்டில் இது வேண்டாம். “மணி” செத்துப்போய், புது நாய்க்கும் “மணி” என்று பெயர் வைத்தால், பழைய மணி செய்த வேலையை எல்லாம் புது மணியும் செய்யும் என்று வீடே எதிர்பார்க்கும். அது செய்யாது.

டாட்டாவிடம் இருந்த இன்னொரு நாயின் பெயர் ‘கோவா’. அது தெரு நாய். கோவாவில் குட்டியாக இருந்தபோது அவருடைய சக ஊழியர் ஒருவரின் காரில் ஏறிக்கொண்டது. மும்பையில் உள்ள கம்பெனித் தலைமை அலுவலகம்வரை வந்து சேர்ந்தது. அங்கேயே தங்கிவிட்டது. அந்த அலுவலகத்தைப் புதுப்பித்து 2018-ல் திறந்தபோது தெரு நாய்கள் தங்குவதற்கென்றே ஓர் அறை ஒதுக்கினார்கள்.

வெள்ளை மாளிகையில் நடந்தது

“தெரு நாய் கடிக்கும். ஜாதி நாய்தான் நம்பகமானது.” இது பலருடைய அபிப்பிராயம். அமெரிக்காவில் நடந்த கதையைக் கேளுங்கள்.

ஜோ பைடன் ஜனாதிபதி ஆனபோது இரண்டு நாய்களோடு வெள்ளை மாளிகைக்குப் போனார். இரண்டும் ஜெர்மன் ஷெப்பர்டு. சாம்ப் என்பது கிழ நாய். மேஜர் என்பது 2018-ல் காப்பகத்தில் இருந்து எடுத்த நாய். 2021 மார்ச்சில் மேஜர் ஊழியரைக் கடித்துவிட்டது. பத்திரிகைகளில் ஒரே அமர்க்களம். அந்த ஜூனில் சாம்ப் இறந்தது. டிசம்பரில் மேஜரைக் குடும்ப நண்பர்களிடம் கொடுத்துவிட்டார்கள். அதே மாதம் புதுக்குட்டி ஒன்று வந்தது. பெயர் கமாண்டர். காப்பகத்து நாய் அல்ல. சகோதரர் பரிசாகக் கொடுத்த நல்ல ஜாதிக்குட்டி. அது என்ன செய்தது? பாதுகாப்புப் போலீசாரை மட்டும் குறைந்தது 24 முறை கடித்தது! 2023-ல் அதையும் வெளியே அனுப்பினார்கள்.

ஒரு வீட்டில் நாளெல்லாம் அந்நியர்கள் வந்து போனால், துப்பாக்கியோடு மூலைக்கு மூலை ஆள் நின்றால், எந்த நாயும் மிரளத்தான் செய்யும். ஜாதி பார்ப்பதைவிட, தன் வீட்டில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஒத்துவராத மேஜரை அவர்கள் தெருவில் விடவில்லை. வேறு வீடு தேடிக் கொடுத்தார்கள்.

உடம்பு வலிமையில் தெரு நாய் யாருக்கும் இளைத்தது அல்ல. 1957-ல் ரஷியர்கள் வானவெளிக்கு அனுப்பிய லைக்கா, மாஸ்கோ நகரத்துத் தெரு நாய்தான். குளிரும் பசியும் தாங்கிப் பழகியது என்பதற்காகவே தெரு நாயைத் தேர்ந்தெடுத்தார்கள். பாவம், அது திரும்பி வரவில்லை.

பழைய நாய் எதனால் செத்தது?

புது நாய் எடுக்கும் முன்பு இந்தக் கேள்வியை அவசியம் கேட்கவேண்டும்.

‘பார்வோ’ என்ற நோய் குட்டி நாய்களைத் தாக்கும். வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டு மூன்று நாளில் உயிரை வாங்கிவிடும். அந்தக் கிருமி எளிதில் சாகாது. தோட்டத்து மண்ணில் மாதக் கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். பினாயில் போட்டுக் கழுவினால் போதாது. தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவவேண்டும். அப்படியும் மண்ணில் இருப்பது போகாது. அந்த வீட்டுக்கு ஊசி போடாத குட்டியைக் கொண்டு வருவது, தெரிந்தே அதைக் கொல்வதற்குச் சமம். ஊசிகள் முடிந்த பெரிய நாயை எடுத்துக்கொள்ளலாம்.

உண்ணிக் காய்ச்சலில் செத்திருந்தால்? நாய் போய்விட்டது, உண்ணி போகவில்லை! சுவர் இடுக்கிலும், கதவு நிலை ஓரத்திலும் ஒளிந்துகொண்டு, ரத்தம் கிடைக்காமலே மாதக் கணக்கில் காத்திருக்கும். இடுக்குகளை அடைத்து, மருந்து அடித்த பிறகே அடுத்த நாய்.

இவற்றைவிட முக்கியமானது வெறிநோய். தெருவில் கிடந்த குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வருவார்கள். துறுதுறு என்று விளையாடும், பல்லால் கவ்வும், நகத்தால் பிறாண்டும். “குட்டிதானே, பல்கூட முளைக்கலை” என்று விட்டுவிடுவார்கள். அந்தக் குட்டியை வேறொரு வெறிநாய் ஏற்கனவே கடித்திருக்கலாம். நோய் வெளியே தெரியாமல் மாதக் கணக்கில் ஒளிந்திருக்கும். பிறகு போடும் ஊசி அந்தக் குட்டியைக் காப்பாற்றாமல் போகலாம். மனிதருக்கு நோய் வெளிப்பட்ட பிறகு மருந்தே இல்லை, சாவுதான்.

ஆகவே, தெருவில் எடுத்த குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவவேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊசி இலவசம். முதல் நாள், பிறகு 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று சொல்லிப் போடுவார்கள். இரண்டு ஊசியோடு நின்றுவிடக் கூடாது.

குட்டியா, பெரியதா?

காப்பகத்துக்குப் போகிறவர்கள் குட்டியைத்தான் கேட்கிறார்கள். குட்டி அழகு, யார்தான் மறுப்பார்கள்? ஆனால் குட்டி, வீட்டில் ஒருவருக்கு முழுநேர வேலை. இரவில் கத்தும். செருப்பைக் கடிக்கும். கண்ட இடத்தில் அசுத்தம் செய்யும். ஊசி மாற்றி ஊசி போடவேண்டும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குட்டி என்ன செய்யும்?

மூன்று நான்கு வயது நாய் அப்படி அல்ல. அது எவ்வளவு வளரும், எப்படிப்பட்ட குணம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பாலும் கருத்தடை முடிந்திருக்கும். மோட்டார் அடிபட்டு ஒரு கால் போன நாய்கூட மற்ற மூன்று காலில் நன்றாக ஓடும். அறுபது வயது தாண்டியவர்கள் குட்டியை எடுத்தால் அது முதுமை அடையும்போது தங்களுக்கு எழுபத்தைந்து ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களுக்கு வயது வந்த நாயே பொருத்தம்.

எடுத்த உடனே அது வாலை ஆட்டிக்கொண்டு மடியில் ஏறும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் பதுங்கும். வைத்த சோற்றைத் தொடாது. இடி இடித்தால், பட்டாசு வெடித்தால் கதவைத் தாண்டி ஓடப் பார்க்கும். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் அதற்குப் பிடிபடும். இது தன் வீடு என்ற தைரியம் வர மூன்று மாதம் ஆகும் என்பது காப்பகங்களில் சொல்லும் பொதுவான கணக்கு. சில நாய்க்கு வருஷமும் ஆகும். இந்த மூன்று மாதத்தில்தான் பலர் மனம் மாறுகிறார்கள். “பழசு இப்படியா இருந்தது? கூப்பிட்டா ஓடி வருமே!” என்பார்கள். பழைய நாயும் முதல் மாதத்தில் செருப்பைக் கடித்ததுதான். பன்னிரண்டு வருஷத்தில் அது மறந்துபோயிற்று.

நாயைப் பார்க்க ஒரு தடவைக்கு மூன்று தடவை போகலாம். வீட்டில் எல்லோரையும், பாட்டி உள்பட, அழைத்துப் போகலாம். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுவது உத்தமம். நாயைக் கொண்டு வந்த பிறகு பேசினால், ஒன்று நாய் போகவேண்டும். அல்லது வீடு போகவேண்டும்.

பழைய தட்டைத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்தலாம். கழுத்துப் பட்டை புதிதாக வாங்குவது நல்லது. அளவு சரியாக இல்லாவிட்டால் முதல் நாளே தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோ சிப்பும் லைசென்சும் 2025-ல் கட்டாயம் ஆக்கப்பட்டன. லைசென்சு இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று கார்ப்பரேஷன் அறிவித்தது. தெருவில் இருந்து எடுத்த நாய்க்கும் இது பொருந்தும். பழைய நாயின் லைசென்சு புதிய நாய்க்குச் செல்லாது. புதிதாக மனுப் போடவேண்டும்.